சுகர் மீட்டர்: குத்திக்கொள்கிறவர்கள் கேட்பதும் பெட்டிக்குள் இருப்பதும்

குளுக்கோமீட்டர் விளம்பரங்கள் மூன்று விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: ஐந்தே விநாடியில் முடிவு, துளியூண்டு ரத்தம் போதும், கைபேசியோடு இணையும். மூன்றும் உண்மைதான். ஆனால் தினமும் நான்கைந்து தடவை விரலைக் குத்திக்கொள்கிறவர்களின் கேள்விகள் வேறு. இந்த எண்ணை நம்பி இன்சுலின் போடலாமா? ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால் ஏன் இரண்டு விதமாகக் காட்டுகிறது? மீட்டரைச் சும்மா கொடுத்துவிட்டு, ரத்தத்தைத் தொட்டு வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்புக்கு ஏன் இவ்வளவு வாங்குகிறார்கள்? என் விரலிலிருந்து எடுத்த கணக்கை நானே வெளியே எடுக்க ஏன் இத்தனை தடை?

இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவே உள்ள இடைவெளி தற்செயலானது அல்ல. வேகமும் ரத்தத்தின் அளவும் பொறியாளர் மேசையிலேயே தீர்க்கக்கூடியவை; தீர்த்தும் விட்டார்கள். துல்லியம், ஸ்ட்ரிப் விலை, தகவலின் மீதான உரிமை ஆகிய மூன்றும் தயாரிப்பாளரின் வருமானத்தோடு பின்னிக் கிடப்பவை. அதனால்தான் அவை மெதுவாக நகர்கின்றன. (கீழே வரும் அளவுகள் எல்லாம், வேறு அலகு சொல்லாத இடங்களில், டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.)

எங்கிருந்து வந்தது

1960-களின் நடுவில் வந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற காகிதப் பட்டைக்கு ஒரு பெரிய ரத்தத் துளி வேண்டும். துளியை வைத்து, சரியாக 60 விநாடி காத்து, தண்ணீரால் கழுவி, மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண் பார்த்துச் சொல்லும் கணக்கு என்பதால் ஆளுக்கு ஆள் மாறும். அந்த நிறத்தை ஒளி கொண்டு அளக்க, ஏம்ஸ் நிறுவனத்தின் மீட்டர் 1970-ஐ ஒட்டி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்காகச் செய்தது, நோயாளிகளுக்காக அல்ல. டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் வகை) இருந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர், தம் மனைவி மருத்துவர் என்பதால் அவர் மூலம் ஒன்றைப் பெற்று வீட்டிலேயே அளந்து பார்த்தார். வீட்டில் அளப்பது தேவையில்லாத வேலை என்று மருத்துவ உலகம் நினைத்த காலம் அது. பிறகு அவரே மருத்துவம் படித்தார். வீட்டில் அளக்க வேண்டும் என்ற கோரிக்கை முதலில் நோயாளியிடமிருந்துதான் வந்தது என்பதை நினைவில் வைத்தால் இன்றைய மனக்குறைகள் புதிதாகத் தோன்றாது.

1987-ல் பேனா அளவில் வந்த எக்ஸாக்டெக் மீட்டர்தான் பெரிய திருப்பம். அது நிறத்தை விட்டுவிட்டு மின்னோட்டத்தை அளந்தது. இன்று நாம் கையில் வைத்திருப்பவை பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள். 1993-ல் வெளியான டிசிசிடி என்ற பெரிய மருத்துவ ஆய்வு, சர்க்கரையை இயல்புக்கு நெருக்கமாக வைத்திருந்தால் டைப் 1 உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் குறைகின்றன என்று காட்டியதும் வீட்டு அளவீடு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

அளப்பது ஸ்ட்ரிப், மீட்டர் அல்ல

ஸ்ட்ரிப்பின் நுனியில் மயிரிழைக் குழாய் போன்ற ஓர் இடுக்கு இருக்கும். ரத்தம் தொட்டதும் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே உலர்ந்த நிலையில் ஒரு நொதியும், எலக்ட்ரான்களைக் கைமாற்றும் ஒரு வேதிப்பொருளும், மெல்லிய மின்முனைகளும் இருக்கின்றன. குளுக்கோஸோடு நொதி வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும். அந்த மின்னோட்டத்தை மீட்டர் அளந்து, அறை வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி, எண்ணாக மாற்றும். மீட்டரின் பங்கு அவ்வளவுதான். துல்லியம் கெடுவது பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில், விரலில், ரத்தத்தில்; மீட்டருக்குள் அல்ல. "மீட்டர் சரியில்லை" என்று கடையில் போய்ப் புது மீட்டர் வாங்கி, பழைய டப்பாவில் மிச்சமிருக்கும் ஸ்ட்ரிப்பையே தொடர்ந்து போடுகிறவர் பணத்தைத்தான் வீணாக்குகிறார்.

மீட்டர் காட்டுவது எத்தனை தூரம் தள்ளிப் போகலாம் என்பதற்கு உலக அளவில் ஐஎஸ்ஓ 15197 என்ற தரநிலை இருக்கிறது. 2003-ல் வந்த முதல் வடிவத்தில், 75-க்குக் கீழே 15 மில்லிகிராம், அதற்கு மேல் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 2013-ல் இறுக்கினார்கள்: ஆய்வகத்தோடு ஒப்பிட்டால், 100 அளவீடுகளில் 95 ஆவது, சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராமுக்குள்ளும், 100-உம் அதற்கு மேலும் இருந்தால் 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வீட்டு மீட்டர்களுக்கு எதிர்பார்ப்பது இன்னும் கொஞ்சம் கடினம்: கீழ் எண் மேல் எண் என்று பாராமல், 95 சதவீதம் 15 சதவீதத்துக்குள், 99 சதவீதம் 20 சதவீதத்துக்குள்.

இதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உண்மையான சர்க்கரை 150 என்றால் மீட்டர் 128-இலிருந்து 172 வரை எதைக் காட்டினாலும் அது "தேர்ச்சி பெற்ற" மீட்டர்தான். காலை 7 மணிக்கு 138, 7.01-க்கு 155 என்றால் இரண்டும் பொய் இல்லை. ஒரே உண்மையின் இரண்டு படங்கள். கவலை கீழ்ப்பக்கம்தான். உண்மை 60 என்றால் ஐஎஸ்ஓ கணக்கில் 45 முதல் 75 வரை காட்டலாம். 70-க்குக் கீழே தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே உடனடியாக எதாவது செய்ய வேண்டிய தாழ்சர்க்கரை என்பது மருத்துவ வரையறை. ஆக, உண்மையில் 60-இல் இருப்பவருக்கு ஒரு மீட்டர் "பரவாயில்லை" என்றும் இன்னொன்று "ஆபத்து" என்றும் சொல்லலாம், இரண்டுமே தரநிலைக்குள். இன்சுலின் போடுகிறவர்கள் துல்லியத்தைப் பட்டியலில் முதலில் வைப்பது இதனால்தான். மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு தடவை பார்க்கிறவருக்கு 180-ஆ 195-ஆ என்பது பெரிய விஷயமே இல்லை. எல்லோரும் "துல்லியம் வேண்டும்" என்றுதான் சொல்வார்கள். எந்த எண்ணின் மேல் எந்த முடிவை எடுக்கிறார்கள் என்று கேட்டால்தான் தேவையின் அளவு தெரியும்.

தேர்ச்சி பெற்று விற்பனைக்கு வந்த பிறகு மீட்டர் அப்படியே இருக்கிறதா? டயபடீஸ் டெக்னாலஜி சொசைட்டி என்ற அமைப்பு, சந்தையில் விற்றுக்கொண்டிருந்த 18 மீட்டர்களை வாங்கிச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. அது வைத்த அளவுகோலில் தேறியவை 6 மட்டுமே. அனுமதி வாங்கும்போது அனுப்பும் ஸ்ட்ரிப் வேறு, ஆண்டுக்கணக்கில் ஆலையிலிருந்து வரும் ஸ்ட்ரிப் வேறு. பயனர்கள் கேட்பது எளிதானதுதான்: விற்பனைக்குப் பிறகும் யாராவது வெளியாள் தொடர்ந்து சோதித்து, முடிவைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். இன்று அந்தத் தகவல், இருந்தால், பெட்டிக்குள் பலமாக மடித்த தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வாங்கும் முன் அதைத் தேடிப் படிப்பது தகும். 15 சதவீதத்துக்குள் எத்தனை, 10 சதவீதத்துக்குள் எத்தனை, 5 சதவீதத்துக்குள் எத்தனை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது 10 சதவீதக் கட்டம். 15-இல் எல்லாரும் நூறு காட்டுவார்கள். நல்லது சுமாரானது பிரிவது 10-இல்தான்.

அரை மைக்ரோகிராம் சர்க்கரை

ரத்தத்தின் தேவை குறையக் குறைய ஒரு பக்கவிளைவு வந்தது. அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை 100 உள்ளவரின் ரத்தத்தில், அரை மைக்ரோலிட்டர் துளியில் உள்ள குளுக்கோஸ் வெறும் அரை மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபது லட்சம் பங்காகப் போட்டால் வரும் ஒரு பங்கு. அதே அளவு குளுக்கோஸ் விரல் தோலிலிருந்து துளியில் கலந்தால் 100 என்பது 200 ஆகிவிடும். பழத்தை நறுக்கிய கை, பழச்சாறு பட்ட கை, இவற்றில் ஒட்டியிருப்பது இதைவிடப் பல மடங்கு. இதில் மிக மோசமான நிலை எது தெரியுமா? சர்க்கரை இறங்கி, குளுக்கோஸ் பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து ஏறிவிட்டதா என்று பார்க்கும் தருணம். விரலில் ஒட்டியிருப்பதே சுத்தமான குளுக்கோஸ். மீட்டர் 280 என்று காட்டும். பயந்துபோய் இன்சுலின் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

சோப்பும் தண்ணீரும்தான் தீர்வு. பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் துளி நீர்த்து, எண் குறையும். ஸ்பிரிட் பஞ்சு கிருமிக்கு நல்லதே தவிர சர்க்கரைப் பிசுக்கை நீக்குவதில் தண்ணீருக்கு ஈடாகாது. பயன்படுத்தினால் முழுக்க ஆவியாகும்வரை பொறுக்க வேண்டும். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கலாம். விரலைப் பிழிந்து பிழிந்து எடுப்பது கூடாது. ரத்தத்தோடு திசு நீரும் கலந்து வரும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, குத்திய இடத்துக்கு ஓர் அங்குலம் பின்னாலிருந்து மெதுவாக நீவிவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. குத்த வேண்டியது விரல் நுனியின் நடுவில் அல்ல, பக்கவாட்டில். நடுவில் நரம்பு முனைகள் அதிகம். ஊசியின் கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது: 28 தடிமன், 33 மெலிசு. மெலிசு என்றால் வலி குறைவு என்பது பாதி உண்மை. தோல் தடித்தவர் 33-ஐப் போட்டு, ரத்தம் வராமல், இரண்டாவது தடவை குத்தி, மொத்தத்தில் அதிகமாகவே வலிக்க வைத்துக்கொள்வார். ஊசியைப் பொருத்திக் குத்தும் பேனாவில் ஆழத்தைக் கூட்டும் வளையத்தை ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ரத்தம் வரும் மிகக் குறைந்த எண்ணில் நிறுத்துவதே சரி. ஊசியை அடிக்கடி மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் மட்டும் இல்லை. பலமுறை குத்திய நுனி மழுங்கி வளையும். குத்தும் பேனாவை வீட்டில் இன்னொருவரோடுகூடப் பகிரக் கூடாது. சில மருத்துவ இல்லங்களில் ஹெப்படைடிஸ் பி பரவியதற்கு அங்கே பொதுவாக வைத்த குத்தும் பேனாக்களே காரணம் என்பது பலமுறை ஆவணமாகியிருக்கிறது.

ரத்தமே ஏமாற்றும்போது

கை சுத்தம், ஸ்ட்ரிப் புதிது, ஆனாலும் எண் தப்பு. அப்போது சந்தேகப்பட வேண்டியது ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு. ரத்தசோகை உள்ளவருக்கு அது குறைவு. மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பங்கு அதிகமானால் குறைத்துக் காட்டும். சோகை உள்ளவருக்கு 62 இருக்கும்போது 80 என்று காட்டினால் தாழ்சர்க்கரை மறைந்தே போகும். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் எடுப்பவர்கள் தங்கள் ஹெமட்டோக்ரிட்டை மீட்டர் தாளில் போட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். புதிய மீட்டர்கள் சில அதைத் தாமே அளந்து திருத்துகின்றன.

நொதி எது என்பதும் முக்கியம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பயன்படுத்தும் ஸ்ட்ரிப்புகள் ஆக்சிஜனுக்கு மசியும்: உயரமான மலையில் ஆக்சிஜன் குறைந்தால் எண் கூடும், ஆக்சிஜன் குழாயில் இருப்பவருக்குக் குறையும். குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் பிக்யூக்யூ என்ற துணைப்பொருளோடு வந்த பழைய வகை மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். வயிற்றுறை டயாலிசிஸில் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் உடலுக்குள் மால்டோஸாக உடைகிறது. மீட்டர் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்ட, அதற்கு இன்சுலின் கொடுக்க, நோயாளிகள் இறந்தார்கள். இந்த வகை ஸ்ட்ரிப்போடு தொடர்புள்ள 13 மரணங்களின் அறிக்கைகள் வந்திருப்பதாக 2009-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வயிற்றுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மீட்டர் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, நொதி. இவை தவிர, நரம்பில் ஏற்றும் அதிக அளவு வைட்டமின் சி பல மீட்டர்களைக் குழப்பும். உடலில் நீர் வற்றி, கை கால் சில்லிட்டுக் கிடப்பவருக்கு விரல் நுனி எண்ணை நம்பவே கூடாது.

ஸ்ட்ரிப் என்னும் வாடகை

மீட்டர் வாங்குவதைவிட ஸ்ட்ரிப் வாங்குவதுதான் வாழ்நாள் செலவு. ஒவ்வொரு மீட்டருக்கும் அதற்கென்று உள்ள ஸ்ட்ரிப்தான் பொருந்தும் என்பதால், மீட்டரை இலவசமாகத் தருவது தயாரிப்பாளருக்கு நஷ்டம் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு 1,460 ஸ்ட்ரிப். பத்தில் ஒன்று ரத்தம் போதாமல் வீணானால் 146 ஸ்ட்ரிப் குப்பைக்குப் போகும். மீட்டர்களை ஒப்பிடும்போது பெட்டி விலையை மறந்துவிட்டு ஆண்டுச் செலவைப் போட்டுப் பாருங்கள்: ஸ்ட்ரிப் விலை, ஊசி விலை, வீணாகும் பங்கு, மூன்றும் சேர்த்து. ரத்தம் குறைந்தால் சில விநாடிகளுக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி சேர்க்க விடும் மீட்டர்கள் உள்ளன. கை நடுங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வசதி ப்ளூடூத்தைவிட மேல். எல்லாவற்றிலும் இது கிடையாது. தாளில் சொல்லாதபோது இரண்டாவது துளி சேர்த்தால் தவறான எண்தான் வரும்.

ஸ்ட்ரிப் டப்பா வெறும் டப்பா இல்லை. ஈரத்தை உறிஞ்சும் பொருள் அதன் சுவரிலோ மூடியிலோ இருக்கிறது. மூடியைத் திறந்தே வைப்பது, நாலு ஸ்ட்ரிப்பை மட்டும் காகிதத்தில் மடித்துப் பையில் போடுவது, இரண்டு டப்பாவை ஒன்றாகக் கொட்டுவது, குளியலறையிலோ அடுப்பருகிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைப்பது, இவை எல்லாமே நொதியைக் கெடுக்கும். கெட்ட ஸ்ட்ரிப் பிழைக் குறி காட்டினால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பார்வைக்குச் சரியான ஒரு தப்பு எண்ணைத்தான் காட்டும். டப்பா மேல் அச்சிட்ட காலாவதி தேதி திறக்காத டப்பாவுக்கு. பல ஸ்ட்ரிப்புகளுக்குத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ ஆறு மாதமோதான் ஆயுள். திறந்த தேதியைப் பேனாவால் டப்பா மேலேயே எழுதிவிடுவது நல்லது. வாரத்துக்கு ஒன்று இரண்டு பார்ப்பவர், மலிவு என்று 50 கொண்ட டப்பா வாங்கினால் பாதி காலாவதியாகிவிடும். 25 கொண்டதோ, ஒவ்வொன்றாகப் பொதிந்ததோ அவர்களுக்கு ஏற்றது. யாரோ வாங்கி மிச்சம் வைத்ததை இணையத்தில் குறைந்த விலைக்கு விற்பதை வாங்காமல் இருப்பதே நல்லது. எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

பழைய மீட்டர்களில் டப்பாவுக்கு டப்பா ஒரு குறியீட்டு எண்ணை மாற்ற வேண்டும். மறந்தால் எண் கணிசமாகத் தப்பும். குறியீடு தேவைப்படாத மீட்டர்கள் வந்து அந்தப் பிழை அநேகமாக ஒழிந்தது. பயனர் கேட்டு, நிறுவனங்கள் முழுமையாகச் செய்துகொடுத்த ஒரு நல்ல காரியம் என்று இதைச் சொல்லலாம்.

சர்க்கரை 50-இல் இருப்பவருக்கான கருவி

மீட்டர் மிக அவசியமாகத் தேவைப்படுவது எப்போது? நள்ளிரவு, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் மங்கி, யோசனை தடுமாறும் நேரத்தில். அந்த ஆளைக் கருத்தில் கொண்டு எத்தனை மீட்டர்கள் வடிவமைக்கப்படுகின்றன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். சாம்பல் திரையில் சாம்பல் எண். இருட்டில் ஸ்ட்ரிப் செருகும் துளை தெரியாது. ஸ்ட்ரிப் அகலம் சில மில்லிமீட்டர். எது மேல்பக்கம் என்று விரலால் தடவித் தெரியாது. ஏதோ தப்பினால் "ஈ-3" என்று காட்டும். ரத்தம் போதவில்லையா, ஸ்ட்ரிப் ஈரமா, குளிர் அதிகமா என்று தெரிய அந்த மடித்த தாளைத் தேட வேண்டும்.

இதில் ஒரு குரூரமும் இருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிக்கும், விரல் நுனியின் உணர்ச்சியையும் குறைக்கும். ஆனால் கருவியோ கூரிய பார்வையும் நுட்பமான விரலும் உள்ளவருக்காகச் செய்யப்படுகிறது. பேசும் மீட்டர்கள் உண்டு. அவற்றில் பல, முடிவை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பேட்டரி தீர்ந்ததையும் பிழையையும் பழைய கணக்கையும் திரையில் மட்டும் காட்டுகின்றன. பார்வையற்றவர்கள் கேட்பது, திரையில் வரும் எல்லாமும் குரலிலும் வர வேண்டும், தேதி நேரம் வைப்பது உட்பட. மற்றபடி எல்லோரும் கேட்பவை சின்னச் சின்னவை: பின்னொளி, ஸ்ட்ரிப் துளையில் ஒரு சிறு விளக்கு, பயன்படுத்திய ஸ்ட்ரிப்பைத் தொடாமல் தள்ளிவிடும் பொத்தான், எங்கும் கிடைக்கும் பேட்டரி, கூட்டத்தில் கூவாமல் அடக்க முடியும் பீப் ஒலி. "ஹை" என்றும் "லோ" என்றும் மட்டும் வந்தால் என்ன பொருள் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: பல மீட்டர்களில் அவை 600-க்கு மேல், 20-க்குக் கீழ். இரண்டும் அவசரம். அறிகுறி இருந்தால் மறுபடி குத்திப் பார்ப்பதில் நேரத்தைக் கழிக்கக் கூடாது.

அலகும் இங்கேதான் வருகிறது. சில நாடுகளில் மில்லிகிராம், சில நாடுகளில் மில்லிமோல்; ஒன்றை மற்றொன்றாக்க 18-ஆல் பெருக்க அல்லது வகுக்க வேண்டும். மில்லிமோல் மீட்டர் 24 என்று காட்டினால் அது 432. மில்லிகிராமுக்குப் பழகிய கண்ணுக்கு அது உயிர்போகும் தாழ்சர்க்கரையாகத் தெரியும். சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்லும். அலகைப் பயனரே மாற்றும் மீட்டர்கள் ஒரு காலத்தில் இருந்தன. தவறுதலாக மாறிக் குழப்பம் வந்ததால் இப்போது பெரும்பாலும் ஆலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதற்கு முன் திரையில் எந்த அலகு என்று பார்க்க வேண்டும்.

எண் யாருக்குச் சொந்தம்

மீட்டர் காட்டும் 14 நாள் சராசரியைப் பார்த்து மகிழ்கிறவர்கள் நிறைய. ஒருவருக்கு 145, 150, 155. இன்னொருவருக்கு 50, 150, 250. இருவருக்கும் சராசரி 150. முதலாமவர் நிம்மதியாக இருக்கலாம். இரண்டாமவர் ஊஞ்சலில் இருக்கிறார். அதுவும், காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவரின் சராசரிக்கும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சிக்கும் பெரிய தொடர்பு இராது. பயனுள்ள மீட்டர் சராசரியைவிட ஜோடிகளைக் காட்ட வேண்டும்: உணவுக்கு முன் எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, எந்த வேளையில் எத்தனை தடவை 70-க்குக் கீழே போனது. அதற்குக் கடிகாரம் சரியாக இருந்தாக வேண்டும். பேட்டரி மாற்றியதும் சில மீட்டர்களின் நேரம் நடுநிசிக்குத் திரும்பியிருக்கும். காலை அளவுகள் எல்லாம் இரவு என்று பதிவாகும். மருத்துவர் அதைப் பார்த்து இரவு இன்சுலினைக் கூட்டுவார். நேரம் பார்க்காமல் பதிவைப் பார்ப்பதைவிடப் பதிவையே பார்க்காமல் இருக்கலாம்.

தகவலை வெளியே எடுப்பதற்குப் பொதுவான வழிமுறைகள் இல்லாமல் இல்லை. குளுக்கோஸ் மீட்டருக்கென்றே ஐஇஇஇ 11073-10417 என்ற தரநிலை இருக்கிறது. ப்ளூடூத்திலும் குளுக்கோஸ் மீட்டருக்கான பொது வரையறை உண்டு. அவற்றைப் பின்பற்றினால் எந்தச் செயலியும் எந்த மீட்டரையும் படிக்கலாம். ஆனால் பல நிறுவனங்கள் தங்கள் செயலி, தங்கள் கணக்கு, தங்கள் சர்வர் என்று பூட்டி வைக்கின்றன. மீட்டர் மாறினால் பழைய கணக்கு போச்சு; நிறுவனம் செயலியை நிறுத்தினால் எல்லாமே போச்சு. வாங்கும் முன், பதிவுகளை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா, கணக்குத் தொடங்காமலே செயலி வேலை செய்யுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

சென்சார் வந்தும் போகாத மீட்டர்

தோலில் ஒட்டும் தொடர் சென்சார்கள் வந்த பிறகு விரல் குத்தும் மீட்டருக்கு வேலை இல்லை என்று நினைப்பது அவசரம். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசு நீரை. சர்க்கரை வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ அது ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கும். தூக்கத்தில் அதன் மேல் புரண்டு படுத்தால் அழுத்தத்தால் பொய்யான தாழ்சர்க்கரை காட்டி அலாரம் அடிக்கும். ஒட்டிய முதல் நாளில் தடுமாறுவதும் சகஜம். உடல் சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தாதபோது தீர்ப்புச் சொல்ல வேண்டியது விரல் துளி. அதாவது, மீட்டரைக் குறைவாகப் பயன்படுத்துகிறோம், ஆனால் முக்கியமான தருணத்தில் பயன்படுத்துகிறோம். அதனால் அதன் துல்லியம் முன்பைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. சந்தை எதிர்த்திசையில் போகிறது. ஆராய்ச்சிப் பணம் சென்சாருக்கும் மலிவுப் போட்டி மீட்டருக்கும் என்று பிரிந்துவிட்டது.

குத்தாமலே அளக்கும் கைக்கடிகாரம் என்பது எல்லோரும் கேட்கும் வரம். 2001-ல் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் தோலை எரிச்சலூட்டி, தடுமாறி, சந்தையிலிருந்தே போய்விட்டது. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இணையத்தில் விற்கும் அத்தகைய கடிகாரத்தின் எண்ணை வைத்து இன்சுலின் போடுவது தற்கொலைக்குச் சமம்.

சொந்த மீட்டரைச் சோதிப்பது

இரண்டு வழி. முதலாவது கன்ட்ரோல் கரைசல்: அளவு தெரிந்த குளுக்கோஸ் உள்ள நீர். அந்தந்த மீட்டருக்கு அந்தந்த நிறுவனத்தின் கரைசல்தான் சரி; வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிப் பார்ப்பது அர்த்தமற்றது. புட்டியைக் குலுக்கி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததைச் சுத்தமான வழவழப்பான பரப்பில் வைத்து ஸ்ட்ரிப் நுனியைத் தொட வேண்டும். வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால் போதும். மீட்டரில் கன்ட்ரோல் என்று குறிக்க வழி இருந்தால் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சராசரியில் கலந்துவிடும். எல்லை மிக அகலம் என்பதால் இது ஸ்ட்ரிப் செத்துவிட்டதா என்று சொல்லுமே தவிர, நுட்பமான விலகலைச் சொல்லாது.

இரண்டாவது, ஆய்வகத்தோடு ஒப்பிடுவது. வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். நரம்பில் ரத்தம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்குள், கழுவி உலர்த்திய விரலில் குத்திப் பாருங்கள். முடிந்தால் அடுத்தடுத்து இரண்டு தடவை. ஆய்வகக் குழாயிலிருந்து துளி எடுத்து மீட்டரில் வைக்க வேண்டாம். ஆய்வகம் 120 என்றால் மீட்டர் 102 முதல் 138 வரை காட்டலாம். 80 என்றால் 65 முதல் 95 வரை. ஆய்வக எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் அறை வெப்பத்தில் கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் ஆள் மூன்று மணி நேரம் கழித்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தால், மீட்டர் 118, ஆய்வகம் 97 என்று வரும். பழி மீட்டர் மேல் விழும். ஒப்பிடும் நாளில் ஆய்வகத்துக்கே நேரில் போய்க் கொடுப்பது நல்லது. அப்படியும் 15 சதவீதத்தைத் தாண்டினால், புதிய டப்பாவைத் திறந்து கன்ட்ரோல் கரைசலோடு பாருங்கள். அது எல்லைக்குள் வந்தால் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு நாள் புது ஸ்ட்ரிப்போடு ஆய்வகத்தில் ஒப்பிடுங்கள். அப்போதும் விலகினால் உங்கள் ஹெமட்டோக்ரிட் எண்ணையும் மருந்துப் பட்டியலையும் மீட்டர் தாளோடு வைத்துப் பார்த்த பிறகு, வேறு நொதியோ வேறு நிறுவனமோ கொண்ட மீட்டருக்கு மாறலாம்.